டர்போ லாரிகளில் எஞ்சின் அறை வெப்பம்
டர்போசார்ஜர் என்பது எஞ்சினின் புகைவாயுவால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவியாகும். முழுச் சுமையில் டீசல் எஞ்சினின் புகைவாயு 600 பாகை செல்சியசையும் தாண்டக்கூடும். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்று இவ்வெப்பத்தைக் குறைக்கிறது. வடசென்னையில் நெட்டுக்குப்பம் முதல் இராயபுரம் வரை துறைமுகச் சாலைகளில் வரிசையில் ஊரும் டிரெய்லர் லாரிகளுக்கு அக்காற்று போதிய அளவு கிடைப்பதில்லை; ரேடியேட்டர் விசிறியே துணை. எனவே ரேடியேட்டர், இன்டர்கூலர் ஆகியவற்றின் இடுக்குகளில் படியும் தூசியை அடிக்கடி அகற்ற வேண்டும்.

டர்போவைச் சுற்றியுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றிவிட்டால், அருகிலுள்ள ரப்பர் குழாய்களும் மின்கம்பிகளும் கருகித் தீப்பற்றலாம். சுமையுடன் ஓடிவந்த எஞ்சினை உடனே அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, சூடான டர்போவின் பேரிங்கில் ஆயில் கரியாகப் படியும். ஆகவே சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிட்டு அணைப்பதே முறையாகும்.