அவதானக் கலையும் எண்மக் கவனச்சிதறலும்

கைப்பேசி அறிவிப்புகளுக்கு இடையே படிப்பதும் எழுதுவதும் ஆய்வாளர்க்கு இயல்பாகிவிட்ட இக்காலத்தில், அதற்கு ஆதரவாக அவதானக் கலை சான்று காட்டப்படுவதுண்டு. ஒரே வேளையில் நூறு செயல்களைக் கவனித்த சதாவதானிகள் வாழ்ந்த மரபில் பல பணிகளை ஒருங்கே செய்வது அரிதன்று என்பது அவ்வாதம். அவதானம் நிகழ்த்தப்பெறும் முறையை நோக்கின் இவ்வாதம் நிலைபெறாது.

அவதானம் என்னும் சொல்லுக்கே கவனம் என்பது பொருள். 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தியவர் செய்குத்தம்பிப் பாவலர். கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா பாடுதல், கணக்கிற்கு விடை கூறல், மணியோசையை எண்ணுதல், முதுகில் எறியப்படும் சிறு கற்களை எண்ணுதல் முதலியன தமிழ் அவதானத்தின் கூறுகள். இன்றும் உயிர்ப்புடன் விளங்கும் தெலுங்கு அட்டாவதானத்தில் இதன் உள்ளமைப்பு தெளிவாகப் புலப்படுகின்றது. அங்குப் பாடல்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் முடிக்கப்படுவதில்லை; ஒரு வினாவாளர்க்கு ஓரடி கூறி அடுத்தவரிடம் செல்லும் அவதானி, அடுத்த சுற்றில் மீண்டு வந்து இரண்டாம் அடியைக் கூறுகின்றார். நிறைவில் எல்லாப் பாடல்களையும் நினைவிலிருந்து முழுமையாக ஒப்பித்தல் வேண்டும். இது தாரணை எனப்படும். எண்மரில் ஒருவரின் பணியே தொடர்பற்ற பேச்சால் அவதானியின் மனத்தைக் கலைப்பது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஆயினும் அவர் அவையறிந்த இடையூறு. அவருக்கென ஓர் இருக்கையும் உண்டு, நிகழ்ச்சி முடிந்ததும் அவர் எழுந்து போய்விடுகின்றார்.

ஆகவே அவதானி செய்வது பல பணிகளை ஒருங்கே ஆற்றுதல் அன்று; ஒவ்வொன்றையும் விட்ட இடத்தில் நிறுத்தி, வரிசையாக மீள்தலே ஆகும். இம்மீட்சி எத்துணைக் கடினமானது என்பதைச் சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. முடிவுறாத பணியை விட்டு மற்றொன்றிற்குச் செல்வோரின் கவனத்தில் ஒரு பகுதி முதற்பணியிலேயே தங்கிவிடுகின்றது. இரண்டாவது பணியின் தரம் குறைகின்றது. இதனைக் கவன எச்சம் எனலாம். அதே ஆண்டில் ஓஃபிர், நாஸ், வாக்னர் ஆகியோர், பல ஊடகங்களை ஒருங்கே மிகுதியாகப் பயன்படுத்துவோர் தேவையற்ற தூண்டல்களை விலக்குவதில் பின்தங்கினர் எனக் கண்டனர். பின்வந்த மறுசோதனைகள் அனைத்தும் இதனை ஒரே வலிமையுடன் உறுதிசெய்யவில்லை. எனவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும் பயிற்சி மிகுந்தால் சிதறல் தானே திறனாகிவிடும் என்னும் நம்பிக்கைக்கு இவ்வாய்வுகளில் ஆதரவில்லை.

தமிழாய்வில் இச்சிக்கல் சற்று வேறுபட்டது. மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றால் அரிய நூல்கள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. இணையத்தைத் துறந்து ஆய்வு செய்க என்பது இன்று பொருளற்ற அறிவுரை. ஆனால் பனுவலும் வாட்ஸ்அப் செய்தியும் ஒரே திரையில் வருகின்றன. மூலத்தையும் உரையையும் பாடவேறுபாட்டையும் ஒருசேர மனத்தில் நிறுத்திப் படிக்க வேண்டிய இடத்தில், வந்துபோகும் ஒரு செய்தி பறிப்பது அதைப் பார்க்கும் சில நொடிகளை மட்டுமன்று. மூன்றையும் இணைத்துப் பிடித்திருந்த பிடி நழுவுகின்றது. இங்கு இடையூற்றின் வேளையை வகுப்பவரும் இல்லை, சுற்றும் இல்லை, தாரணையும் இல்லை.

இவற்றுள் தாரணையை எளிதில் மீட்கலாம். நூலைத் தரவிறக்கி, இணைப்பைத் துண்டித்துப் படித்த பின், திரையை மூடிவிட்டு நினைவிலிருந்து குறிப்பெழுதுதல் ஒரு வழி. எழுத வராமல் நிற்கும் பகுதியே மனம் விலகிய இடம். மறுவாசிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.