கழிவுநீரும் கணினியும்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டப்பட்ட யூதர் தொழுகைக்கூடம் அமைந்த ஜூ டவுனுக்கு அருகே காயல் உள்ளது. வீட்டுக் கழிவுநீர் அப்படியே அதில் கலந்தால், நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மடியும்.

கழிவுநீரைத் தூய்மையாக்குபவை நுண்ணுயிர்களே. தொட்டியில் காற்றைச் செலுத்தினால், அவை அழுக்கை உண்டு பெருகும். இம்முறையை 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்டனர்.

உணவு கூடக்கூட நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். ஓர் எல்லைக்குமேல் அவ்வேகம் கூடாது. பந்தியில் எவ்வளவு பரிமாறினாலும், உண்ணும் வேகத்திற்கு எல்லை உண்டன்றோ! இவ்வுறவைப் பிரெஞ்சு அறிஞர் ஜாக் மோனோ சமன்பாடாக்கினார். தொட்டியின் இயக்கம் முழுவதையும் இவ்வாறு சமன்பாடுகளாக எழுதுவதே கணித மாதிரி. அத்தகைய பொது மாதிரி ஒன்று 1987இல் வெளிவந்தது.

பருவமழையில் நீர் பெருகினால் என்னாகும்? மின்சாரம் நின்று காற்று தடைப்பட்டால் என்னாகும்? உண்மைத் தொட்டியில் சோதித்தால், நுண்ணுயிர்கள் அழியும்; அழுக்குநீர் காயலைச் சேரும். கணினியில் சோதித்தால், தவறு திரையோடு நின்றுவிடும். ஆயினும், தொட்டிநீரை அளந்து ஒப்பிட்ட பின்னரே கணினியின் விடையை நம்ப வேண்டும்.

சிந்திக்க: கணினி விடை தந்த பின்னும் தொட்டிநீரை அளப்பது ஏன்?