ரூட் கெனாலில் லேசர்: கொல்வது யார்?

தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கம் பல் கிளினிக் போர்டுகளில் 'லேசர் ரூட் கெனால்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. கதிர் உள்ளே போய்க் கிருமியைச் சுட்டுப் பொசுக்கிடும்னுதான் நானும் நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் கதை வேறு.

பல் வேரின் கால்வாய் நேரான குழாய் இல்லை. வளையும், கிளை பிரியும், பக்கத்துக் கால்வாயோடு கீற்று மாதிரி இணையும். ஃபைல் போட்டு எவ்வளவு சுரண்டினாலும் சுவரில் மூன்றில் ஒரு பங்கு தொடப்படாமலே நின்றுவிடலாம். அங்கே கிருமியைக் கொல்வது சோடியம் ஹைப்போகுளோரைட். நம்ம வீட்டு பிளீச்சில் இருக்கும் அதே சரக்கு. ஆனால் வேர் நுனியில் காற்று அடைத்துக்கொண்டால் கரைசல் போய்ச் சேராது.

எர்பியம் லேசரின் 2940 நானோமீட்டர் கதிரைத் தண்ணீர் சட்டென உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் ஆவிக்குமிழி பொங்கி உடையும், அந்த வேகத்தில் கரைசல் சந்துபொந்தெல்லாம் பாயும். அதாவது, இந்த முறையில் கொல்வது மருந்துதான். லேசர் தள்ளிவிடுகிற ஆள்.

டயோடு லேசர் வேற ரகம், சூட்டை நம்பியது. இழையை ஒரே இடத்தில் நிறுத்தினால் வேரைச் சுற்றியுள்ள எலும்புக்கு ஆபத்து. எலும்புக்கு 47 டிகிரி செல்சியஸ் ஒரு நிமிடம் பட்டாலே சேதம்தான்.

அதனால் கூடுதல் காசு கேட்டால் தயங்காமல் கேளுங்க: எந்த லேசர் டாக்டர்? ஹைப்போகுளோரைட் போடுவீங்களா? ரப்பர் டேம் மாட்டுவீங்களா? கடைசிக் கேள்விக்கு 'வேண்டாம், அதான் லேசர் இருக்கே' என்று பதில் வந்தால், நானாக இருந்தால் நாற்காலியிலிருந்து இறங்கிடுவேன்.