நாய்க் கண்காட்சியில் இனத் தேர்வு

ஜவ்வாது மலையில் சாமைக் காட்டுக்குக் காட்டுப்பன்றி வருவதைக் குரைத்து அறிவிப்பதும், இரவில் ஆட்டுப்பட்டியைக் காப்பதும் நாய்தான். ஆனால், கிடைத்த குட்டியை வளர்ப்பதே பெரும்பாலும் வழக்கமாக உள்ளது. உதகையிலும், ஏற்காடு கோடை விழாவிலும் நடக்கும் நாய்க் கண்காட்சிகளில் நடுவர்கள் கையாளும் முறையை அறிந்துகொண்டால், நல்ல காவல் நாயை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

இனப் பிரிவுகள்

நாயினங்கள் அவை செய்துவந்த வேலையைக் கொண்டே பெரிதும் பிரிக்கப்படுகின்றன. பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பு இவற்றை 10 பிரிவுகளாக வகுத்துள்ளது. மந்தை மேய்ப்பவை, மோப்பம் பிடிப்பவை, கண்ணால் பார்த்து விரட்டுபவை, துணைக்கு வளர்ப்பவை ஆகியன அவற்றுள் சில. நமது சிப்பிப்பாறையும் கன்னியும் பார்த்து விரட்டும் வகையைச் சேர்ந்தவை. நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள் ஆகியவை இவற்றின் அடையாளங்கள்.

மதிப்பிடும் முறை

நடுவர் ஒரு நாயை மற்றொரு நாயுடன் மட்டும் ஒப்பிடுவதில்லை. அந்த இனத்திற்கென எழுதிவைக்கப்பட்ட இலக்கணத்துடன் ஒப்பிடுகிறார். அவர் கவனிப்பவை:

1. உயரம், உடலமைப்பு, நிறம்.
2. பற்கள். பல இனங்களில் மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை ஒட்டி மூட வேண்டும்.
3. நேரான கால்கள், தடுமாறாத நடை.
4. ஆண் நாய்க்கு இரு விதைகளும் இறங்கியிருத்தல்.
5. குணம். காரணமின்றிக் கடிக்க வரும் நாய் நீக்கப்படும்.

ஒவ்வோர் இனத்திலும் சிறந்தவை முதலில் தேர்வாகும். அவற்றுள் பிரிவுக்கு ஒன்றும், இறுதியில் கண்காட்சியிலேயே சிறந்த நாயும் தேர்ந்தெடுக்கப்படும்.

அழகு மட்டும் போதாது

ராஜபாளையம் நாய் வெண்ணிறத்தால் புகழ் பெற்றது. 2005-ம் ஆண்டில் அதற்கு அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. ஆனால், இவ்வினத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக உள்ளன. வெண்ணிறத்துடன் தொடர்புடைய குறை இது. காது கேளாத நாய் பரிசு பெறும் தோற்றத்துடன் இருந்தாலும் காவலுக்கு உதவாது. ஆகவே, குட்டி பார்க்காத பக்கத்திலிருந்து கைதட்டிச் சோதித்துப் பாருங்கள். தாய், தந்தை நாய்களையும் நேரில் பார்த்தபின் வாங்குங்கள்.

இனத்தைக் காப்போம்

கண்டபடி கலந்து இனம் பெருகினால் நாட்டு நாய்களின் குணங்கள் மறைந்துவிடும். நல்ல பெட்டையைத் தகுந்த ஆண் நாயுடன் மட்டும் சேர்த்து, சேர்த்த நாளையும் பெற்றோர் விவரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இப்பதிவே இனத்தூய்மைக்கு அடிப்படை.

குட்டிக்கு 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் கூறும்படி மறு ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஊசியும் போட வேண்டும். நாயைக் கொண்டு வனவிலங்குகளை வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குரைத்து எச்சரிக்கும் காவலே உங்கள் நாயின் வேலையாக இருக்கட்டும்.