மணல்மேடு ஏறும் முன்...



வளைகுடாவில் பணிபுரியும் நம் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர் சென்ற விடுமுறையில் தம் உம்மாவுடன் என் வீட்டுக்கு வந்தார். சிறு வயதில் நம் மத்ரஸாவில் என்னிடம் ஓதியவர். இப்போது துபையில் நல்ல வேலை. ஸலாம் சொல்லி அமர்ந்ததுமே அந்தத் தாய் கண் கலங்கினார். “ஹஜ்ரத், நீங்கதான் இவனுக்கு எடுத்துச் சொல்லணும். மணல் மலையில ஏறுற வண்டி ஒன்று வாங்கப் போறானாம். ராத்தூக்கம் போச்சு எனக்கு” என்றார்.

மாணவர் சிரித்தபடி தம் கைபேசியில் இரண்டு படங்களைக் காட்டினார். இரண்டும் இரும்புக் குழாய்க் கூண்டுக்குள் இருக்கைகள் அமைந்த, பெரிய சக்கர வண்டிகள். ஒன்று சிறிய எஞ்சின் கொண்டது. மற்றொன்று பந்தய வண்டியைப் போன்றது. பழையது என்பதால் விலை குறைவு. நண்பர்கள் மூவர் கூட்டாகச் சேர்ந்து இரண்டாவதை வாங்குவதாகத் திட்டம். “எதை வாங்கலாம் ஹஜ்ரத்?” என்று என்னையே கேட்டார்.

நானோ கலைக்கல்லூரியில் வரலாறு படித்தவன். சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டிப் பழகாதவன். “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால், அறியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது ஆசிரியனுக்கு அழகா? “ஒரு மாதம் பொறு தம்பி. அந்த வண்டிகளின் கையேடுகளை அனுப்பி வை” என்றேன். அவற்றைப் பாடநூல்களைப் போலவே வரி வரியாகப் படித்தேன். விவரம் அறிந்தவர்களிடம் கேட்டேன். அப்படி அறிந்ததையே உங்கள் முன் வைக்கிறேன். நாளை உங்கள் மகனோ தம்பியோ இதே கேள்வியுடன் வந்து நிற்கலாம் அல்லவா?

பக்கி பிறந்த கதை

இவ்வகை வண்டியைப் பொதுவாகப் ‘பக்கி’ என்பர். இதன் தாயகம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாக் கடற்கரை. படகுகள் கட்டிப் பழகிய புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964-இல், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சினையும் பாகங்களையும் எடுத்து, கண்ணாடி இழையால் ஆன இலேசான உடலில் பொருத்தினார். ‘மேயர்ஸ் மாங்ஸ்’ என்று அதற்குப் பெயர். எஞ்சின் பின்புறம் இருந்ததால் விசை பெறும் பின்சக்கரங்கள் மீதே எடை அழுந்தியது, வண்டியும் இலேசு. ஆகவே அது மணலில் புதையாமல் ஓடியது. 1967-இல் மெக்ஸிகோவின் பாஹா தீபகற்பத்தில் நடந்த நெடும்பந்தயத்தில் அத்தகைய வண்டியே முதலிடம் பெற்றது. மேயர்ஸ் 2021-இல், தம் 94-ஆம் வயதில் மறைந்தார்.

இன்று கடைகளில் விற்பவை பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைகள். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும், ஸ்டியரிங் உண்டு, ஓட்டுநரும் உடன் வருபவரும் அருகருகே அமர்வர். குதிரை மேல் அமர்வதுபோல் காலை இருபுறம் போட்டு அமரும் ‘குவாட்’ வண்டி வேறு, இது வேறு. இங்கே கூண்டும் சீட் பெல்ட்டும் உண்டு என்பதே முக்கிய வேறுபாடு.

மெதுவாகச் சென்றாலும் கவிழும்!

வேகமாக ஓட்டினால்தான் ஆபத்து என்றே நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு வரலாறு. யமஹா நிறுவனத்தின் ‘ரைனோ’ என்னும் வண்டி 2003 முதல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விபத்துகள் பெருகவே, 2009-இல் அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டது. ஆணையம் ஆராய்ந்த விபத்துகளில் 46 பேர் உயிரிழந்திருந்தனர். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை வண்டி கவிழ்ந்ததால் நேர்ந்தவை. அவற்றில் பல, சமதரையில், குறைந்த வேகத்தில் திரும்பும்போது நிகழ்ந்தவை! பலர் பெல்ட் அணிந்திருக்கவில்லை.

அதற்கு நிறுவனம் செய்த திருத்தம் என்ன தெரியுமா? பின்சக்கரங்களுக்கு இடைத்துண்டு வைத்து வெளியே தள்ளி, வண்டியின் நிலைப்பை அகலமாக்கியது. பின்பக்கச் சாய்வுத் தடுப்புக் கம்பியையும் நீக்கியது.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. உயரமான குறுகிய பாத்திரம் எளிதில் சாயும். அகன்ற தாழ்ந்த பாத்திரம் சாயாது. பக்கிகளும் அப்படியே. சிலவற்றின் அகலம் 50 அங்குலமே. அமெரிக்கக் காடுகளில் உள்ள ஒடுங்கிய தடங்களுக்கென்று அவ்வாறு செய்யப்படுகின்றன. 60, 64, 72 அங்குல அகலத்திலும் வண்டிகள் உண்டு. ஒடுங்கிய மரத்தடம் இல்லாத அரபு நாட்டில் குறுகிய வண்டியால் பயன் குறைவு. சரிவில் அதன் நிலைப்பும் குறைவு. எனவே கடைக்காரரிடம் முதலில் எஞ்சினைப் பற்றிக் கேளாதீர்கள். “அகலம் எத்தனை அங்குலம்?” என்று கேளுங்கள். உயரம் கூட்டியோ பெரிய டயர் மாட்டியோ விற்கப்படும் பழைய வண்டி, பார்வைக்குக் கம்பீரமாக இருக்கலாம். ஆனால் அதன் புவியீர்ப்பு மையம் மேலேறிவிட்டது என்பதை மறவாதீர்கள்.

எத்தனை குதிரைகள் வேண்டும்?

570 சி.சி. எஞ்சின் கொண்ட தொடக்க நிலை வண்டி ஏறத்தாழ 45 குதிரைத் திறன் தரும். ஆயிரம் சி.சி. வண்டி சுமார் 100. டர்போ பூட்டிய பந்தய வகைகள் 200-ஐயும் தாண்டிவிட்டன. எண்ணிப் பாருங்கள்! நம் ஊர்ச் சிறு கார்கள் பலவற்றில் 100 குதிரைத் திறன்கூட இல்லை.

எது வேண்டும் என்பது எங்கே ஓட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. அமீரகத்திலும் ஓமானிலும் இரு வகை நிலங்கள் உள்ளன. ஒன்று, துபையிலிருந்து ஹத்தா செல்லும் வழியிலுள்ள ‘பிக் ரெட்’ போன்ற செம்மணல் மேடுகள். மற்றொன்று, ஹஜர் மலைத்தொடரின் பாறைத் தடங்களும் ‘வாதி’ எனப்படும் வறண்ட ஆற்றுப் படுகைகளும்.

மணலில் ஓரளவு வலிமை தேவை. மிகச் சிறிய எஞ்சின் பாதி மேட்டிலேயே மூச்சிழந்துவிடும் என்பதையும் மறைக்கக் கூடாது. பாறைத் தடத்திலோ வலிமையைவிடப் பொறுமையே தேவை. தாழ்ந்த கியரில் மெல்ல ஏறும் வசதியும், நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் அமைப்பும், ‘டிஃப்ரன்ஷியல் லாக்’கும் அங்கே உதவும். இரண்டுக்கும் பொதுவாக, முதல் வண்டிக்கு டர்போ இல்லாத நடுத்தர எஞ்சினே போதுமானது. ஓட்டுநரின் கை பழகும் முன்னே வண்டியின் கால் ஓடிவிடக் கூடாது.

மற்றொரு செய்தி. பெரும்பாலான பக்கிகளில் கியர்ப் பற்சக்கரங்களுக்குப் பதிலாக, இரு கப்பிகளுக்கு இடையே ஓடும் ரப்பர் டிரைவ் பெல்ட் மூலமே விசை கடத்தப்படுகிறது. மேட்டில் தாழ்ந்த கியர் போடாமல் முக்கி முக்கி ஏற்றினால் அந்த பெல்ட் சூடேறி அறுந்துபோகும். மாற்று பெல்ட்டும் அதை மாட்டத் தெரிந்த கையும் இல்லாமல் பாலைக்குள் போகாதீர்கள்.

ஏறத் தெரிந்தால் போதுமா?

மேடேறும் வண்டி என்றே எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். நான் படித்த கையேடுகளோ, ஏறத் தவறினால் எப்படித் திரும்பி வருவது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

மேட்டில் நேராக ஏற வேண்டும். குறுக்காகச் சாய்ந்து ஏறக் கூடாது. பாதியில் வண்டி நின்றுவிட்டால் பதற்றத்தில் ஸ்டியரிங்கைத் திருப்புவதுதான் உயிருக்கு உலை வைக்கும் தவறு. திருப்பினால் வண்டி சரிவுக்குக் குறுக்காக நின்று உருண்டுவிடும். பிரேக்கை அழுத்தி, ரிவர்ஸ் கியரில் போட்டு, ஏறிய தடத்திலேயே நேராகப் பின்னோக்கி இறங்க வேண்டும்.

மணல்மேட்டுக்கு முகம் இரண்டு. காற்று வீசும் பக்கம் சரிவு குறைந்து இறுகியிருக்கும். மறுபக்கம், மணல் தானாகச் சரியும் கோணமான சுமார் 33 பாகையில் செங்குத்தாகவும் பொலபொலப்பாகவும் இருக்கும். கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்த மறுபக்கம் தெரியாது. உச்சியைப் பாய்ந்து கடப்பவர் அடுத்த கணம் எங்கே விழுவார் என்பதும் தெரியாது. எதிர்ப்புறம் மற்றொரு வண்டி ஏறி வந்தாலும் தெரியாது. அதனால்தான் அனுபவசாலிகள் நீண்ட கம்பியில் கொடி கட்டிப் போகிறார்கள். உச்சியில் வேகத்தைத் தணிக்கிறார்கள்.

ஆகவே வாங்கும் முன், வண்டியை மேட்டில் ஏற்றிக் காட்டும் விற்பனையாளரிடம், “இப்போது ரிவர்ஸில் இறக்கிக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதா, பிரேக் சீராகப் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். முதல் வண்டியின் தகுதியை உச்சியில் அறிய முடியாது. பத்திரமாக அடிவாரம் வந்து சேர்வதில்தான் அறிய முடியும்.

பழைய வண்டியைப் பார்க்கும்போது

விலை மலிவாக வரும் பழைய வண்டிக்கு ஒரு கதை இருக்கும். அதை வண்டியே சொல்லும். கூண்டுக் குழாயில் வளைவோ, புதிய வெல்டிங்கோ, ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட்டோ இருந்தால் அது கவிழ்ந்த வண்டியாக இருக்கலாம். சஸ்பென்ஷன் கைகள் சட்டத்தோடு சேரும் இடங்களில் விரிசல் உண்டா என்று விளக்கடித்துப் பாருங்கள். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி அதன் உட்புறத்தில் விரலால் தடவுங்கள். தூசி ஒட்டினால் எஞ்சின் மணல் தின்றிருக்கிறது என்று பொருள். பெல்ட்டுகளின் பூட்டு உறுதியாகப் பிடிக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

நிறுவனம் திரும்ப அழைத்த வண்டியா என்பதையும் எண்ணைக் கொண்டு விசாரியுங்கள். 2016 ஏப்ரலில் போலாரிஸ் நிறுவனம், தீப்பிடிக்கும் அபாயம் காரணமாக அமெரிக்காவில் சுமார் 1,33,000 பக்கிகளைத் திரும்ப அழைத்தது நினைவிருக்கட்டும். திருத்தம் செய்யப்பட்டதா என்று கேட்பதில் வெட்கமில்லை.

பிள்ளைகளை ஏற்றலாமா?

வெள்ளிக்கிழமை மாலை குடும்பத்தோடு பாலைக்குப் போகிறவர்கள் உண்டு. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ‘ஒரு சுற்று’ போவதையும் பெருமையாகப் படம் அனுப்புகிறார்கள். வேண்டாம்! பெல்ட் அணிந்து, முதுகு இருக்கையில் படிந்து, பாதம் தரையில் ஊன்றி, கைப்பிடியை எட்டிப் பிடிக்க முடியாத பிள்ளையை ஏற்றவே கூடாது என்கின்றன கையேடுகள். ஓட்டுபவர் 16 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வண்டி சாயும்போது கையையோ காலையோ வெளியே ஊன்றித் தடுக்க முயலக் கூடாது. கூண்டுக்கு அடியில் சிக்கி நசுங்கும். கூண்டு காப்பது, உள்ளே இருப்பவரை மட்டுமே.

வாங்கிய பின் வரும் செலவு

அமீரகத்தில் இவ்வண்டிகளைப் பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. பாலை வரை ஏற்றிச் செல்ல இழுவை வண்டி வேண்டும். நிறுத்தி வைக்க இடம் வேண்டும். அறையில் நால்வர் தங்கும் பிள்ளைக்கு இடம் எங்கே? ஹெல்மெட், கண்ணாடி, மாற்று பெல்ட், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஃபில்டர் சுத்தம் என்று செலவு நீளும். காப்பீடு இத்தகைய ஓட்டத்தை ஏற்குமா என்பதையும் பத்திரத்தில் படித்துப் பாருங்கள். கூட்டாக வாங்கினால், பழுதுக்கும் விபத்துக்கும் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நட்பு நிலைக்க அதுவே வழி.

இவற்றையெல்லாம் என் மாணவருக்கு நான்கு பக்கக் கடிதமாக எழுதினேன். “தடுக்கவில்லை தம்பி. முதலில் குளிர்காலம் முழுதும் வாடகை வண்டியில் பழகு. பாதி மேட்டில் நிறுத்தி, நேராகப் பின்னிறங்கி வர மூன்று முறை முடிந்தால், அதன்பின் வாங்கு” என்று முடித்திருந்தேன்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டாம் ஓட்டத்திலேயே வண்டி பாதி மேட்டில் நின்றதாம். கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பப் போனதாம். “அந்த நேரம் உங்கள் எழுத்து கண்முன் வந்தது ஹஜ்ரத், அப்படியே பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினேன். கீழே வந்த பிறகு அரை மணி நேரம் கை நடுக்கம் நிற்கவில்லை” என்று எழுதியிருந்தார். பந்தய வண்டியை வாங்கும் எண்ணம் அன்றே போய்விட்டது. சென்ற மாதம், டர்போ இல்லாத, 64 அங்குல அகல வண்டி ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து வாங்கியிருக்கிறார்.

அந்தத் தாயின் கவலை தீர்ந்ததா? தீரவில்லை, தீரவும் தீராது. ஆனால், வெள்ளிதோறும் மகன் பாலைக்குப் புறப்படுமுன் தொலைபேசியில் அவர் கேட்கும் கேள்வி மட்டும் மாறியிருக்கிறது. முன்பு, “ஏன் வாப்பா போறே?” என்று அழுவார். இப்போது, “பெல்ட் போட்டியா வாப்பா?” என்று கேட்கிறாராம்.

உங்கள் பிள்ளையிடமும் அதையே கேளுங்கள்.