டுமீல்… ஒரிஜினலா? டூப்பா?

2022-ல் வந்த 'விக்ரம்' கிளைமாக்ஸில் கமல் பெரிய மெஷின் கன்னைப் பிடிச்சு வெளுத்து வாங்கினப்போ, நீங்களும்தானே விசில் அடிச்சீங்க? சுஜாதா எழுத்தில் 1986-ல் வந்த பழைய 'விக்ரம்' காலத்துலேர்ந்தே உளவாளின்னா கையில் துப்பாக்கி இருந்தாகணும். அந்தத் துப்பாக்கி நிஜமாவே சுடுதா, இல்லை அதுவும் நடிக்குதா?

ராயகிரிப் பசங்களுக்கு இது ஈஸியா புரியும். தீபாவளி வந்தா சிவகாசி ரோல் கேப்பைப் பொம்மைத் துப்பாக்கியில் மாட்டிச் சுடுறோமில்லையா? சத்தம் உண்டு, புகை உண்டு, குண்டு மட்டும் கிடையாது. சினிமாவின் 'பிளாங்க்' தோட்டாவும் ஏறக்குறைய அதேதான். உள்ளே வெடிமருந்து இருக்கும். முனையில் ஈயக் குண்டுக்குப் பதிலா மடக்கின உலோகமோ, காகித அடைப்போ இருக்கும். க்ளோஸ்-அப்பில் காட்டுறதுக்கு 'டம்மி' தோட்டா. அதில் குண்டு இருக்கும், மருந்து இருக்காது.

பிசிக்ஸ் கலாட்டா

ஏ.கே.47 நிமிஷத்துக்கு சுமார் 600 ரவுண்டு சுடும். மேகஸினில் இருக்கிறதோ 30 தோட்டா. அதாவது, விடாம அழுத்தினா மூணே செகண்டில் காலி! நம்ம ஹீரோ மட்டும் ஒரு பாட்டு நேரத்துக்குச் சுடுவார்.

குண்டு பட்ட வில்லன் பத்தடி பறக்கிறதும் பொய். 8 கிராம் குண்டு செகண்டுக்கு 350 மீட்டர் வேகத்தில் வந்து, 70 கிலோ ஆளுக்குள் தங்கினா, அவருக்குக் கிடைக்கிற வேகம் செகண்டுக்கு வெறும் 4 செ.மீ. கால்குலேட்டரில் தட்டிப் பாருங்க. அவரை இழுக்கிறது பின்னாடி கட்டின கயிறு!

விளையாட்டு இல்லை

குண்டு இல்லைன்னா ஆபத்தும் இல்லைன்னு நினைச்சா தப்பு. 1984-ல் அமெரிக்க உளவு டி.வி. தொடர் 'கவர் அப்' செட்டில், நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் பிளாங்க் போட்ட ரிவால்வரை நெற்றிப்பொட்டில் வெச்சு விளையாட்டா அழுத்தினார். வெடிச்ச வேகத்திலேயே மண்டை ஓடு உடைஞ்சு, சில நாளில் இறந்துபோனார். 1993-ல் புரூஸ் லீயின் மகன் பிராண்டன் லீக்கு நடந்தது இன்னும் கொடுமை. டம்மி தோட்டாவின் குண்டு குழலுக்குள்ளேயே மாட்டியிருந்ததை யாரும் கவனிக்கலை. அடுத்து போட்ட பிளாங்க் அதைத் தள்ளிவிட்டது. 2021-ல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் நிஜத் தோட்டாவே கலந்துபோய், ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். அதுக்கப்புறம் பிளாங்க்கே வேண்டாம், நெருப்பை கிராஃபிக்ஸில் சேர்த்துக்கலாம்னு பல யூனிட்கள் மாறிட்டாங்க.

காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பை குறும்படம் எடுக்கிற டைரக்டர்களே, உங்களுக்குத்தான் இது:

* பிளாஸ்டிக் பொம்மையே போதும். நெருப்பும் சத்தமும் எடிட்டிங்கில் வந்துடும்.

* தெரிஞ்சவர்கிட்ட லைசென்ஸ் துப்பாக்கி இருக்குன்னு இரவல் கேட்காதீங்க. ஆயுதச் சட்டம், 1959 சும்மா விடாது.

* பொம்மையா இருந்தாலும் முகத்துக்கு நேரா நீட்டாதீங்க. கொஞ்சம் தள்ளி நீட்டினாலும், கேமராவைச் சரியான கோணத்தில் வெச்சா குறி நேராத்தான் தெரியும்.

* பஸ் ஸ்டாண்டில் ஷூட்டிங்னா முன்கூட்டியே போலீஸ் ஸ்டேஷனில் சொல்லி அனுமதி வாங்கிடுங்க. பார்க்கிறவங்களுக்கு அது பொம்மைன்னு எப்படித் தெரியும்?

'கட்' சொன்னதும் செத்தவங்க எல்லாரும் எழுந்து டீ குடிக்கப் போகணும். அதுதான் பாஸ் நல்ல ஷூட்டிங்!