ஆமை கரையேறும் இரவில்

பங்குனி ஆமை குழி தோண்டுவதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தவருக்கு அது மறக்காது. பின்துடுப்பைக் கரண்டிபோல் மடித்து ஒரு பிடி மணலை அள்ளி வெளியே வைக்கும். பிறகு மற்றத் துடுப்பால் இன்னொரு பிடி. ஒன்றரை அடி ஆழம் வந்ததும் நூறு முட்டைக்கு மேல்கூட இடும். மணலை மூடி, உடம்பை இடமும் வலமும் சாய்த்து வயிற்று ஓட்டால் தட்டித் தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும்.

இது நடப்பது சென்னையிலேயே, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட மணலில்தான். 1970களில் சிலர் தொடங்கிய இரவு நடையை 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழு நடத்திவருகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, தடம் பார்த்து முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் உடன் நடக்கலாம்.

நடக்க வருகிறவர்களின் ஆசையே சில நேரம் ஆமைக்கு ஆபத்தாகிவிடுகிறது. கரையேறும் ஆமையின் முகத்தில் கைப்பேசி வெளிச்சம் பட்டால், முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சு, எது வெளிச்சமோ அதைக் கடலென்று நம்பிப் போகும். தெருவிளக்கு எரிந்தால் சாலைக்கு வந்து நசுங்கும். குஞ்சைக் கையிலெடுத்துப் படம் பிடித்துத் தண்ணீரில் விடுவதும் உதவியல்ல. அந்தச் சில அடிகளை அது தானே ஊர்ந்து கடக்க வேண்டும்.

சட்டமும் இதில் கடுமையானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் கொல்வதும் முட்டையை எடுப்பதும் குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பொரிப்பகம் நடப்பது வனத்துறை அனுமதியோடு. ஆகவே கூட்டைக் கண்டால் நீங்களே தோண்டாதீர்கள். தன்னார்வலரிடமோ வனத்துறையிடமோ சொல்லுங்கள்.

2025 ஜனவரியில் சென்னையைச் சுற்றியுள்ள கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. விசைப்படகின் இழுவை மடி வலையில் சிக்கினால் மேலே வந்து மூச்செடுக்க முடியாமல் மூழ்கிச் சாகும். முட்டையிடும் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் இழுவை மடி போடக் கூடாது. அந்தச் சாவுகளைப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. தினமும் கரையில் நடந்தவர்கள் ஒவ்வொன்றாக எண்ணியிராவிட்டால் பாதிக்கு மேல் மணலோடு மணலாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். செத்ததை எண்ணுவதும் தொண்டுதான்.

இதற்காக மீனவர் எல்லோரையும் பழிக்காதீர்கள். கரையோரம் விசைப்படகு புகுந்தால் முதலில் அறுபடுவது சிறு படகுக்காரரின் வலைதான். இழுவைப் படகுகளைப் பற்றிப் புகார் எழுதும்போது குப்பத்துக்குப் போய் அவர்களையும் கேளுங்கள். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இழுவை நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும்.

செத்த ஆமையைக் கண்டால் தொடாமல், தேதியும் இடமும் தெரியும்படி படமெடுத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். புகாரை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சான்று வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 55ஆம் பிரிவு வழிவிடுகிறது: குற்றத்தையும் வழக்குத் தொடரும் உங்கள் எண்ணத்தையும் தெரிவித்து 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்தபின், எந்தக் குடிமகனும் நேரே நீதிமன்றத்தில் முறையிடலாம். ஆமை முட்டையிடும் இடங்கள் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையில் அதிகக் காப்புள்ள முதல் வகையில் வருகின்றன. கடலைப் பார்த்து எரியும் விளக்குகளைப் பற்றி மாநகராட்சியிடம் மனு கொடுக்கும்போது இதைக் குறிப்பிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மீன்வளத்துறைக்கு ஒரு தகவல் உரிமை மனு: சென்ற பருவத்தில் 5 கடல் மைலுக்குள் பிடிபட்ட விசைப்படகுகள் எத்தனை, அபராதம் கட்டியவை எத்தனை? பதில் 30 நாளில் வர வேண்டும்.